தீட்டின மரமும் என் கத்தியும்

சென்ற பருவத்தில் தொடக்கநிலை ஐந்தாம் வகுப்பில் பழமொழிகள் கற்பித்துக்கொண்டிருந்தேன். அன்றைய பழமொழி, "தீட்டின மரத்திலேயே கூர் பார்ப்பது." உதவி செய்தவருக்கே தீங்கிழைத்தல் என்று வெண்பலகையில் பொருள் எழுதினேன். பிள்ளைகளும் எழுதிக்கொண்டார்கள். பின்வரிசையில் அமர்ந்திருந்த ஒருவன் கையை உயர்த்தினான்.

"டீச்சர், கத்தியைக் கல்லுலதானே தீட்டுவாங்க? மரத்துல எப்படித் தீட்ட முடியும்?"

எனக்கு விடை தெரியவில்லை. "நல்ல கேள்வி, நாளைக்குச் சொல்கிறேன்" என்று, விடை தெரியாத ஆசிரியர்கள் காலங்காலமாகச் சொல்லிவரும் அதே விடையைச் சொன்னேன். இருபது ஆண்டுகளாக இந்தப் பழமொழியைக் கற்பித்து வருகிறேன். தேர்வுத் தாள்களில் கோடிட்ட இடத்தில் அதை எழுதியவர்களுக்கு மதிப்பெண்ணும் அளித்திருக்கிறேன். ஆனால், என் வாழ்நாளில் நான் ஒரு கத்தியைக்கூடத் தீட்டியதில்லை!

அன்று மாலை உட்லண்ட்ஸில் உள்ள எங்கள் அடுக்குமாடி வீட்டுக்குத் திரும்பியதும் சமையலறை இழுப்பறையைத் திறந்து பார்த்தேன். நான்கு கத்திகள் இருந்தன. நான்கும் மொன்னை. தக்காளியை அவற்றால் நசுக்கலாம், வெட்ட இயலாது. புறநானூற்றின் 95ஆம் பாடலில் ஔவையார் இருவகைப் படைக்கலங்களைப் பற்றிப் பேசுகிறார். தொண்டைமானின் கருவிகள் பீலியும் மாலையும் அணிந்து, நெய் பூசப்பெற்றுக் காவல்மனையில் அழகாக இருக்கின்றன. அதியமானின் கருவிகளோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லனின் உலைக்களத்தில் கிடக்கின்றன. எங்கள் வீட்டுக் கத்திகளில் இரண்டிடத்துக் குறைகளும் ஒருங்கே இருந்தன. நுனியும் சிதைந்திருந்தது, கொல்லனிடமும் போகவில்லை.

அந்த நால்வரோடு ஐந்தாவதாக ஒன்றும் இருந்தது. அது அப்பாவின் பேனாக்கத்தி. செம்பவாங் கப்பல் பழுதுபார்க்கும் தளத்தில் வேலை பார்த்த நாள்களில் அவர் சட்டைப்பையில் வைத்திருந்த மடக்குக்கத்தி. நான் தொடக்கப்பள்ளியில் படித்தபோது ஒவ்வோர் இரவும் அந்தக் கத்தியால்தான் என் பென்சில்களைச் சீவித் தருவார். சீவுமுன் காப்பிக் குவளையைக் கவிழ்த்து, அதன் அடிவிளிம்பில் நான்கைந்து முறை கத்தியைத் தேய்ப்பார். பீங்கான் குவளையின் அடிவளையத்தில் பளபளப்புப் பூச்சு இருக்காது; அந்தச் சொரசொரப்பே ஒரு சாணைக்கல்லாகும் என்பதை இப்போதுதான் அறிகிறேன். அன்று அது எனக்கு வெறும் சத்தம். அந்தச் சத்தம் கேட்டால் வீட்டுப்பாடம் முடிந்தது, தூங்கப் போகலாம் என்று பொருள்.

அப்பாவுக்கு இப்போது வயது எழுபத்தெட்டு. கை நடுங்குகிறது. "எப்படிப்பா தீட்டுவீங்க? எந்தச் சாய்வுல பிடிக்கணும்?" என்று கேட்டேன். சற்று யோசித்தார். "அது கை சொல்லும்மா" என்றார். மேலும் கேட்டதற்கு, "சும்மா தேய்ச்சா வரும்" என்றார்.

கற்பித்தலைப் பற்றி நான் பெற்ற மிகப் பெரிய பாடம் அது என்பேன். நன்கு தெரிந்தவருக்குத் தாம் எதைச் செய்கிறோம் என்பது தெரிவதில்லை. எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறும் குழந்தையிடம் நான் எத்தனை முறை "கவனமாகப் பார்த்துப் படி" என்று சொல்லியிருப்பேன்! அதுவும் "கை சொல்லும்மா" போன்றதுதானே? ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் ஒவ்வொரு திறனையும் சிறு படிகளாகப் பிரித்துக் கற்பிக்க வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். எந்தப் படி கடினமானது என்பதைக் கற்றவரால் கண்டுபிடிக்க முடியாது, கற்றுக்கொண்டிருப்பவரால்தான் முடியும் என்பதை அங்கு யாரும் சொல்லவில்லை.

முப்பது வெள்ளிக்கு ஒரு கல் வாங்கினேன். ஒருபுறம் 1000, மறுபுறம் 6000 என்று எண் பொறித்த ஜப்பானிய நீர்க்கல். எண் கூடக்கூடத் துகள் நுண்மையாகும். ஓரத்தில் பல் விழுந்த கத்திக்கு 400 போன்ற முரட்டுக் கல் வேண்டும், வெறும் மழுங்கலுக்கு 1000 போதும், 6000 மெருகேற்றுவதற்கு. இவ்வகைக் கல்லைக் குமிழி வருவது நிற்கும்வரை நீரில் ஊறவைத்து, ஈரத்துணியின்மேல் வைத்துத் தேய்க்க வேண்டும். துணி இல்லாவிட்டால் கல் நகரும். கல் நகர்ந்தால் விரல் நகரும்!

முதல் நாள் அரை மணி நேரம் தேய்த்தேன். கத்தி முன்னைவிட மொன்னையாயிற்று. இரண்டாம் நாளும் அப்படியே. கத்தியின் பக்கவாட்டில் கீறல் விழுந்ததுதான் மிச்சம். ஜப்பானியக் கத்திகளுக்கு ஏறத்தாழ 15 பாகை, ஐரோப்பியக் கத்திகளுக்கு 20 பாகை வரை என்று படித்திருந்தேன். ஆனால் 20 பாகை என்பது கண்ணுக்கு எப்படித் தெரியும்? அப்போது, கணித வகுப்பில் கோணமானி பிடிக்கக் கற்றிருந்த என் மகள் ஒரு தாளை எடுத்து வந்தாள். தாளின் மூலை 90 பாகை. அதை இரண்டாக மடித்தால் 45. மீண்டும் மடித்தால் 22.5. அந்தக் கூம்பைக் கல்லின்மேல் நிறுத்தி, "இதுக்குக் கொஞ்சம் கீழ பிடிங்கம்மா" என்றாள். நான் மாணவி, அவள் ஆசிரியை. இப்படிப்பட்ட மாலைப்பொழுது எங்கள் வீட்டில் அதற்குமுன் வாய்த்ததில்லை.

கோணம் கிடைத்தும் கை அதில் நிலைக்கவில்லை. அதற்கும் ஒரு வழி உண்டு. கத்தியின் ஓரச் சரிவில் அழியாத மைப்பேனாவால் கறுப்பு பூசி, இரண்டு முறை தேய்த்துப் பார்க்க வேண்டும். சரிவின் மேற்புறத்தில் மட்டும் மை அழிந்திருந்தால் கத்தியை அதிகம் படுக்க வைத்திருக்கிறோம். விளிம்பில் மட்டும் அழிந்திருந்தால் அதிகம் நிமிர்த்தியிருக்கிறோம். இவ்வளவு தெளிவாகத் தவற்றைச் சுட்டும் திருத்தக் குறியை நான் எந்தக் கட்டுரை ஏட்டிலும் இட்டதில்லை. "தவறு" என்று சொல்லாமல் "இந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறாய்" என்று மட்டும் அது சொல்கிறது.

எல்லாவற்றிலும் கடினமானது பிசிறு. ஒருபுறத்தைத் தேய்த்துக்கொண்டே வந்தால், உலோகம் விளிம்பைத் தாண்டி மறுபுறத்தில் மயிரிழை போல மடிந்து நிற்கும். கண்ணுக்குத் தெரியாது. முதுகிலிருந்து விளிம்பை நோக்கி, குறுக்காக, கட்டைவிரலை மெல்ல வெளியே இழுத்தால் தட்டுப்படும். (விளிம்பின் நீளவாக்கில் விரலை ஓட்டவே கூடாது, வெட்டிவிடும்.) அந்தப் பிசிறு முனை முதல் அடி வரை எழுந்த பிறகே மறுபுறத்தைத் தொட வேண்டும். நான் முதலிரு நாள் தோற்றதற்குக் காரணம் இதுவே. பிசிறு எழுமுன்னரே பொறுமையிழந்து புறம் மாற்றிவிட்டேன். இரண்டு புறமும் எழுப்பிய பின், அழுத்தம் குறைத்து மாறி மாறித் தேய்த்து அதை நீக்க வேண்டும். நான்காம் நாள் இரவு அப்பா என் தோளுக்குப் பின்னால் நின்று, சத்தத்தைக் கேட்டுவிட்டு, "இப்ப சரியா இருக்கு" என்றார். அவருக்கு இன்னமும் அது சத்தத்தில்தான் தெரிகிறது.

மறுநாள் தக்காளி தன் எடையாலேயே வெட்டுப்பட்டது என்று எழுத ஆசைதான். அப்படியெல்லாம் இல்லை. ஆனால், நசுங்கவில்லை.

இடையில் ஒன்று சொல்ல வேண்டும். கத்தியைப் பிளவுக்குள் விட்டு இழுக்கும் சிறு கருவி கடைகளில் கிடைக்கிறது. பத்து வினாடியில் வேலை முடியும். அவற்றுள் பல, உலோகத்தை வழித்தெடுத்து ஒரு முரட்டு விளிம்பைத் தரும். சில வாரங்களில் அது போய்விடும். மீண்டும் வழிக்க வேண்டும். தேர்வுக்கு முந்தைய மாதத்தில் பிள்ளைகளுக்கு நாம் செய்வது எனக்கு நினைவுக்கு வந்தது. தேக்கா சந்தையில் ஆட்டிறைச்சிக் கடைக்காரர் வெட்டுமுன் ஓர் இரும்புக் கோலில் கத்தியைச் சரக் சரக்கென்று இழுப்பாரே, அது வேறு. அது பெரும்பாலும் வளைந்த விளிம்பை நிமிர்த்துவதுதான். கூராக இருக்கும் கத்தியைக் கூராகவே வைத்திருக்க அது உதவும். மொன்னைக் கத்தியை அதனால் மீட்க இயலாது.

சரி, அந்த மாணவனின் கேள்விக்கு வருவோம். மரத்தில் தீட்டினார்கள் என்பது உண்மைதான். பனையேறிகள் பாளை சீவும் அரிவாளை, வெண்கல்லைப் பொடித்துக் கட்டையின்மேல் தூவித் தீட்டுவார்கள். அறுப்பது பொடி, தாங்குவது மரம். இன்று மரப்பலகையில் தோல் ஒட்டி, மெருகுப் பசை தடவிக் கடைசி இழைப்புக்குப் பயன்படுத்துவதும் ஏறத்தாழ அதே முறையே. இதைத் தெரிந்துகொண்ட பின் பழமொழி உயிர் பெறுகிறது. தன்மேல் தேய்க்க உடம்பைக் கொடுத்த மரத்தையே, கூர் வந்ததும் வெட்டிப் பார்க்கிறான் ஒருவன்!

இன்னொன்றும் தெரிந்தது. ஊரில் மிதிவண்டியில் சக்கரம் வைத்துக்கொண்டு தெருத்தெருவாக வருபவரைச் சாணை பிடிப்பவர் என்போம். அக்காலச் சாணைச் சக்கரங்களைக் குருந்தக் கல்லைப் பொடித்து அரக்கில் கலந்து உருட்டினார்கள். நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பகுதி குருந்தத்துக்குப் பெயர்பெற்றது. மாணிக்கமும் நீலமும் இந்தக் குருந்தத்தின் நிறவகைகளே. மோவின் கடினத்தன்மை அளவில் வைரம் 10, குருந்தம் 9. 1798ஆம் ஆண்டு சார்லஸ் கிரெவில் என்ற ஆங்கிலேயர் ஆசியாவிலிருந்து வந்த இக்கல்லைப் பற்றி லண்டன் ராயல் சொசைட்டியில் கட்டுரை வெளியிட்டார். ஆங்கிலத்தில் 'கொரண்டம்' என வழங்கும் பெயர் நம் குருந்தத்திலிருந்து சென்றதே. இன்று நீர்க்கற்கள் பலவற்றில் அறுக்கும் துகளாக இருப்பதும் ஆலையில் செய்த அதே பொருள்தான், அலுமினிய ஆக்சைடு. ஜப்பானியக் கல் என்று நான் வாங்கி வந்ததற்குள் ஒரு தமிழ்ச் சொல் உட்கார்ந்திருந்தது.

பட்டை தீட்டுதல் என்பதும் அந்தச் சாணையில் மணிகளுக்கு முகம் வெட்டும் தொழிலே. ஆசிரியர் தின விழா உரைகளில் யாராவது ஒருவர் "மாணவர்களைப் பட்டை தீட்டும் ஆசிரியர்கள்" என்று நம்மைப் புகழாமல் இருப்பதில்லை. இனி அந்தப் புகழ்ச்சியைக் கேட்டால் எனக்குக் கூச்சமாக இருக்கும். தீட்டுவதென்றால் தேய்ப்பது, தேய்ப்பதென்றால் இழப்பது. கல்லில் கறுப்பாக ஓடும் நீர் முழுவதும் கத்தியின் உடல்.

இதையெல்லாம் ஆசிரியர் அறையில் சொன்னபோது சக ஆசிரியை ஒருவர், "பிள்ளைகள் கையில் கத்தியைக் கொடுக்கச் சொல்கிறீர்களா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் உண்டு. 2021 ஜூலையில் ரிவர் வேலி உயர்நிலைப் பள்ளியில் நடந்த துயரத்தை எந்த ஆசிரியரும் மறக்க முடியாது. பள்ளிப் பையில் கத்தி கூடாது. பொது இடத்தில் தகுந்த காரணமின்றி ஆயுதம் வைத்திருப்பது சட்டப்படி குற்றம் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லியே ஆக வேண்டும். ஆகவே நான் பள்ளியைக் கேட்கவில்லை. பெற்றோர்களாகிய உங்களைக் கேட்கிறேன்.

பன்னிரண்டு வயது வரை வெங்காயம் நறுக்கத் தெரியாமல் ஒரு பிள்ளையை வளர்ப்பது பாதுகாப்பு ஆகாது என்பது என் கருத்து. அந்தப் பிள்ளைக்குக் கத்தி என்றால் செய்தியில் வரும் பொருள் மட்டுமே. சமையலறையில் அம்மாவும் அப்பாவும் அருகில் நிற்க, வெட்டுப்பலகையில், விரல்நுனிகளை உள்ளே மடக்கி வெள்ளரிக்காய் நறுக்கும் பிள்ளைக்கு அது ஒரு கருவி. தொடக்கநிலை நான்கு, ஐந்தில் இதைத் தொடங்கலாம். கத்தி கூராக இருக்கட்டும். மொன்னைக் கத்திதான் அழுத்தம் கேட்கும்; அழுத்தும்போதுதான் வழுக்கும். தீட்டுவது பிறகு வரட்டும். ஆனால் நீங்கள் தீட்டும்போது பிள்ளை பக்கத்தில் இருக்கட்டும். நீங்கள் தடுமாறுவதையும் பார்க்கட்டும். பெரியவர்கள் ஒன்றைத் தெரியாமல் தொடங்கித் தப்பும் தவறுமாகக் கற்பதைப் பார்க்க இக்காலப் பிள்ளைகளுக்கு வாய்ப்பே கிடைப்பதில்லை.

பழமொழியையும் மரபுத்தொடரையும் நம்மிடம் விட்டுவிடுங்கள் என்று முன்பு பெற்றோரிடம் சொல்லி வந்தேன். இனிச் சொல்லமாட்டேன். கூர், மொன்னை, மழுங்கல், பிசிறு, சாணை, அரம் ஆகிய சொற்களை நான் பயிற்சித் தாளில் கொடுத்தால் பிள்ளைகள் மனப்பாடம் செய்வார்கள். ஒருமுறை வீட்டில் கத்தி தீட்டினால் அவை அத்தனையும் வாயில் வந்தே தீரும். என் மகளுக்கு வந்தன.

அந்த மாணவனுக்கு இரண்டு வாரம் கழித்து விடை சொன்னேன். ஒரு மரத்துண்டையும் கல்லையும் வகுப்புக்குக் கொண்டுபோயிருந்தேன், கத்தியை அல்ல. கல்லைத் தடவிப் பார்த்தவன், "அப்ப அரம்னா என்ன டீச்சர்?" என்று கேட்டான். இம்முறை விடை தெரிந்திருந்தது.

அப்பாவின் பேனாக்கத்தியைத்தான் கடைசியாக எடுத்தேன். பென்சில் சீவுகிறது. நுனியில் மட்டும் அரிசியளவுக்கு ஒரு பல் விழுந்திருக்கிறது. 1000ஆம் எண் கல்லில் அது போகவில்லை. 400 வாங்க வேண்டும். "குவளையிலேயே போகும்" என்கிறார் அப்பா.