பலாலிக்குக் காலையும் மாலையும் விமானம் வேண்டும்

சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே வான்வழித் தொலைவு சுமார் 360 கிலோமீட்டர். சென்னையிலிருந்து மதுரைக்குப் பறப்பதைவிட இது குறைவு. அப்படியிருந்தும், யாழ்ப்பாணத்தார் நெடுங்காலம் கொழும்பு அருகே உள்ள கட்டுநாயக்க விமான நிலையத்துக்கே போக வேண்டியிருந்தது. வடக்கே உள்ள சென்னைக்கு வர, முதலில் தெற்கே 350 கிலோமீட்டருக்கு மேல் இரவெல்லாம் பேருந்தில் போய், அங்கிருந்து சுமார் 650 கிலோமீட்டர் பறந்து வந்தார்கள்.

2019 அக்டோபரில் யாழ்ப்பாணத்தை அடுத்த பலாலி பன்னாட்டு விமான நிலையமாகத் திறக்கப்பட்டு, நவம்பரில் அலையன்ஸ் ஏர் சேவை தொடங்கியதும் இந்தச் சுற்று தீர்ந்தது. ஆனால், 2020 மார்ச்சில் கொரோனாவால் நின்ற விமானம், 2022 டிசம்பரில்தான் திரும்ப வந்தது. இடைப்பட்ட காலத்தில் கொழும்புச் சேவை மீண்ட பிறகும் பலாலி மூடியே கிடந்தது. 2024 செப்டம்பரில் இண்டிகோ சென்னையிலிருந்தும், 2025 மார்ச் இறுதியில் திருச்சியிலிருந்தும் பறக்கத் தொடங்கியது வரவேற்கத்தக்கது. ஆனாலும் இது போதாது.

பலாலி என்றாலே ஓடுபாதையை நீட்டி, பெரிய ஜெட் விமானங்களை இறக்க வேண்டும் என்ற பேச்சுதான் முன்னே வருகிறது. இந்தத் தடத்துக்கு அது அவசரத் தேவை அல்ல. இப்போது பறக்கும் ஏடிஆர் ரகச் சிறிய விமானம் மணிக்குச் சுமார் 500 கிலோமீட்டர் வேகம் கொண்டது. கணக்குப்படி முக்கால் மணி நேரத்தில் போய்விடலாம். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வது, மேலேறுவது, இறங்க முறை பார்ப்பது எல்லாம் சேர்ந்து பயண நேரம் ஒரு மணியைத் தாண்டுகிறது. ஜெட் வந்தாலும் இவை குறையா. மிச்சமாவது சில நிமிடங்களே. பலாலியைச் சுற்றி, 1990-இல் போரால் இடம்பெயர்ந்த வலிகாமம் வடக்கு மக்கள் பலர் இன்னும் தங்கள் காணிக்காகக் காத்திருக்கிறார்கள். சில நிமிட லாபத்துக்காக ஓடுபாதையை நீட்ட அவர்களுடைய நிலத்தில் மீண்டும் கை வைப்பது நியாயம் ஆகாது.

பயணிக்கு நேரம் விரயமாவது வானத்தில் அல்ல, தரையில்தான். பன்னாட்டுப் பயணம் என்பதால் மூன்று மணி நேரம் முன்னதாக வரச் சொல்கிறார்கள். சென்னையில் மருத்துவரைப் பார்த்துவிட்டு மாலையே ஊர் திரும்ப நினைப்பவருக்கு அன்று விமானம் இல்லையென்றால் விடுதிச் செலவும் சேர்கிறது. சிதம்பரம் வரும் பக்தருக்கும், கல்யாணத்துக்குப் பட்டெடுக்க வருபவருக்கும், தமிழக முகாம்களிலிருந்து தாயகம் திரும்பும் அகதிக் குடும்பத்துக்கும் இதே கதைதான்.

ஆகவே, காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என நாள்தோறும் இரு விமானங்கள் சென்னை–பலாலி தடத்தில் பறக்க வேண்டும். உள்நாட்டுச் சிறு நகரங்களுக்கு உடான் திட்டத்தில் கட்டணத்துக்கு உச்சவரம்பு வைத்து, விமான நிறுவனங்களுக்கு நட்ட ஈடும் தருகிறது மத்திய அரசு. அதே வகையில் இந்தத் தடத்துக்கும் மத்திய, தமிழக அரசுகள் கைகொடுக்கலாம். கூட்டம் குறைந்த மாதத்தில் நிறுத்திவிடக்கூடாது என்ற நிபந்தனையையும் அதோடு சேர்க்க வேண்டும். இலங்கை அரசு தன் பங்குக்குப் பலாலியில் வரிகளைக் குறைத்து, குடியகல்வு முகப்புகளைக் கூட்டட்டும். புதிதாக ஒரு அடி நிலம்கூடக் கேட்காத இந்த வேலையை இரு நாட்டு அரசுகளும் இந்த ஆண்டே தொடங்க வேண்டும்.