இடது காலின் கணக்கு

இந்த வாரம் கோபத்தோடுதான் எழுத உட்கார்ந்தேன். 'சொகுசு' என்ற ஒரு சொல்லால் வந்த கோபம் அது. அதற்கு முன் கார் விஷயத்தை முடித்துவிடுகிறேன். என்ன முடிவு எடுத்தேன் என்று கேட்டு நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள்.

என் சான்ட்ரோவை நீங்கள் அறிவீர்கள். அப்பா ஓய்வு பெற்ற 2006-இல் வாங்கியது. பதினைந்து வருடம் முடிந்ததும் 2021-இல் பசுமை வரி கட்டி ஆர்.சி.யைப் புதுப்பித்தேன். இப்போது அடுத்த ஐந்து வருடக் கெடுவும் வந்துவிட்டது. கூடவே, சென்ற மாதம் எழுதிய இடது முழங்கால் தேய்மானம். "வண்டி ஓட்டலாம், ஆனா கிளட்ச் மிதிக்கிறதைக் குறைச்சுக்குங்க" என்றார் டாக்டர். வளசரவாக்கத்திலிருந்து ஆற்காடு சாலை வழியாக அண்ணா சாலைக்கு வேலைக்குப் போகிறவள் எதைக் குறைப்பது? மெட்ரோ வேலைக்காகத் தடுப்பு வைத்துச் சுருங்கிப்போன சாலை அது. ஒரு திங்கட்கிழமை காலையில் எண்ணிக்கொண்டே போனேன். அலுவலக வாசலில் வண்டியை நிறுத்தியபோது கிளட்சை 287 முறை மிதித்திருந்தேன்.

மேனுவலா, ஆட்டோமேட்டிக்கா என்று உங்களைக் கேட்டிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே குரல். கியர் போட்டு ஓட்டுவதுதான் ஓட்டுவது, மற்றது பொம்மைக் கார். ஆட்டோமேட்டிக் பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் உரியது. எழுதியவர்கள் என் நண்பர்கள்தான், நல்லெண்ணத்தில்தான் எழுதினார்கள். ஆனாலும் இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆர்.டி.ஓ. ஆபீசில் முதல் தடவையிலேயே ஹெச் போட்டு லைசென்ஸ் வாங்கியவள் நான். ஹாஃப் கிளட்சில் மேட்டில் வண்டியை அசையாமல் நிறுத்தத் தெரியும். அது ஒரு திறமை. கைவசம் இருப்பதில் எனக்குச் சந்தோஷம் உண்டு. ஆனால் அதில் வீரம் எதுவும் இல்லை.

உதகையிலிருந்து எழுதிய ஒரு வாசகரின் வாதம் மட்டும் யோசிக்க வைத்தது. மலையில் இறங்கும்போது கியர்தானே காப்பாற்றும் என்று கேட்டிருந்தார். உண்மைதான். கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கை மட்டுமே நம்பி இறங்குகிற வண்டிகளில் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். ஏறிய கியரிலேயே இறங்கு என்பது அப்பா எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். இன்றைய சின்ன ஆட்டோமேட்டிக் கார்களிலும் அதற்கு வழி இருக்கிறது. ஏ.எம்.டி. என்ற வகை வண்டியில் கியர் கம்பியை மேனுவல் பக்கம் தள்ளி இரண்டாவது கியரிலேயே நிறுத்தி வைக்கலாம். இன்ஜின் வண்டியைப் பிடித்துக்கொள்ளும். இதைச் சொல்லித்தராமல் சாவியைக் கொடுத்தனுப்புவதுதான் தப்பு.

அங்கிருந்துதான் என் பழைய மனக்குறைக்கு வருகிறேன். விற்கிறவர் தான் விற்கும் பொருளை அறிந்திருக்க வேண்டும் என்று வாஷிங் மெஷின் வாங்கிய காலத்திலிருந்து இந்தப் பக்கத்தில் எழுதிவருகிறேன். இந்த வாரம் ஏறி இறங்கிய ஷோரூம்களில் 'ஆட்டோமேட்டிக்' என்ற ஒரே சொல்லுக்குள் வேறு வேறு இயந்திரங்களை அடைத்து விற்கிறார்கள். நான் கேட்டது இவ்வளவுதான்: "தம்பி, இது ஏ.எம்.டி.யா, சி.வி.டி.யா?" ஒரு ஷோரூமின் விற்பனைப் பையன் சிரித்துக்கொண்டே சொன்னான்: "எல்லாம் ஒண்ணுதான் மேடம். டி-யில போட்டுட்டு ஓட்ட வேண்டியதுதான். சொகுசு வேணும்னா ஐம்பதாயிரம் கூட ஆகும், அவ்வளவுதான்."

எல்லாம் ஒன்றல்ல. ஏ.எம்.டி. என்பது மேனுவல் வண்டியின் அதே கியர் பாக்ஸ், அதே கிளட்ச் பிளேட். நம் காலும் கையும் செய்த வேலையை, ஒரு சிறிய கம்ப்யூட்டர் சொல்லச் சொல்ல, உள்ளே ஒரு இயந்திரக் கை செய்கிறது. 2014 பிப்ரவரியில் மாருதி செலேரியோவில் வந்தபோதுதான் ஆட்டோமேட்டிக் என்பது நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு எட்டியது. மேனுவலைவிட ஏறக்குறைய ஐம்பதாயிரம்தான் கூடுதல், மைலேஜும் அநேகமாக அதேதான். குறையும் உண்டு. கியர் மாறும்போது வண்டி ஒரு கணம் மூச்சை நிறுத்தி, நம் தலையை முன்னால் தள்ளிவிட்டுப் பிறகு போகும். மேட்டில் பிரேக்கை விட்டால் சில வண்டிகள் பின்னால் உருளும். உருளாமல் இருக்க ஆக்ஸிலேட்டரையே லேசாக மிதித்துக்கொண்டு நின்றால், உள்ளே கிளட்ச் பிளேட் தேய்ந்து கருகும். நம் காலில் கிளட்ச் இல்லை என்பதால் வண்டியிலும் இல்லை என்று ஆகிவிடாது.

சி.வி.டி. வேறு ஜாதி. அதில் படிப்படியான கியரே கிடையாது. விரிந்து சுருங்கும் இரண்டு கப்பிகள், நடுவே ஒரு எஃகுப் பட்டை. குலுங்காமல் வழுக்கிக்கொண்டு போகும். அவசரத்துக்கு அழுத்தி மிதித்தால் சத்தம் முன்னால் வரும், வேகம் சற்றுப் பிந்தி வரும். நெதர்லாந்தின் டாஃப் நிறுவனம் 1958-இல் இதை ரப்பர் பட்டையோடு ஒரு சின்னக் காரில் வைத்துக் காட்டியது. முன்னால் போகும் அதே வேகத்தில் பின்னாலும் போகக்கூடிய கார் அது. கிளட்ச் மிதி இல்லாத வண்டி பணக்காரர்களுக்கு மட்டுமானதல்ல என்று அன்றைக்கே நினைத்தவர்கள் இருந்திருக்கிறார்கள். கிளட்ச் பிளேட்டுக்குப் பதிலாக எண்ணெயின் சுழற்சியால் இழுவையைக் கடத்துவது மூன்றாவது வகை, டார்க் கன்வெர்ட்டர். ஒரகடத்தில் தயாராகும் மேக்னைட் என்ற ஒரே காரில், சாதாரண பெட்ரோல் இன்ஜினுக்கு ஏ.எம்.டி., டர்போ இன்ஜினுக்கு சி.வி.டி. இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லி விற்றால் மேட்டில் மாட்டிக்கொண்டு தவிப்பது வாங்கியவர்தானே?

டெஸ்ட் டிரைவுக்கும் சமதரையான இரண்டு கிலோமீட்டர் சர்வீஸ் ரோடு போதும் என்று நினைக்கிறார்கள். நான் விடவில்லை. ஒரு வணிக வளாகத்தின் தரைக்கீழ் பார்க்கிங்குக்குக் கூட்டிக்கொண்டு போய், ஏறும் சரிவின் பாதியில் நிறுத்தி, மறுபடி கிளப்பிப் பார்த்தேன். மேட்டில் பிடித்துக்கொள்ளும் வசதி உள்ள வண்டி நின்றது. அது இல்லாத வண்டி ஒரு முழம் பின்னால் வந்தது. வாங்கப்போகும் எல்லோரும் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். பின்னால் ஆள் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேட்டில் பிடிக்கும் வசதியோடு ஏ.எம்.டி. பதிவு செய்துவிட்டேன். சி.வி.டி.க்கு மேனுவலைவிட ஒரு லட்சம் கூட ஆகிறது, என் கையில் அது இல்லை. முழங்கால் நன்றாக இருந்து, பெரும்பாலும் வெளியூர்ச் சாலையிலேயே ஓட்டுகிறவர்கள் மேனுவலே வாங்கலாம். சென்னைக்குள் தினமும் ஓட்டுகிறவர்கள் ஐம்பதாயிரத்தைப் பார்க்காதீர்கள்.

கார் விஷயம் முடிந்தது. சனிக்கிழமை அப்பாவை டெஸ்ட் டிரைவுக்குக் கூட்டிப்போனேன். அதிலிருந்து கார் பற்றிய யோசனையே எனக்கு மறந்துவிட்டது.

அப்பாவைப் பற்றி அவ்வப்போது எழுதியிருக்கிறேன். 1974-இல் பல்லவன் போக்குவரத்துக் கழகத்தில் சேர்ந்து, அது மாநகர் போக்குவரத்துக் கழகம் ஆன பிறகு 2006-இல் ஓய்வு பெற்றவர். 32 வருடமும் ஓட்டுநர். பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் போகும் 29சி-யைத்தான் அதிக காலம் ஓட்டினார். இப்போது வயது 78. முன்சீட்டில் என் இடப்பக்கம் உட்கார்ந்து வந்தார். கத்திபாராவை நோக்கிப் போகும்போது கவனித்தேன். வண்டி நிற்கும் ஒவ்வொரு முறையும் அவருடைய இடது கால் தரை விரிப்பை அழுத்தியது. சிக்னலில் நின்றால் அழுத்தம். நகர்ந்தால் மெல்ல விடுவார். இயந்திரம் கியர் மாற்றி வண்டி தலையாட்டிய கணத்துக்கு அரை நொடி முன்பே அவர் கால் மிதித்துவிட்டது. ஓய்வு பெற்று இருபது வருடம் ஆகப்போகிறது.

இறங்கியதும் அவர் விலை கேட்கவில்லை, மைலேஜ் கேட்கவில்லை. "இது பஸ்ஸுல வந்திருக்காம்மா?" என்று கேட்டார்.

அப்பா ஓட்டிய காலத்தில் இன்ஜின் ஓட்டுநருக்குப் பக்கத்திலேயே, பேருந்துக்கு உள்ளேயே இருக்கும். மேலே ஒரு மூடி, அதன் மேல் துணி மூட்டைகள், கூட்டமான நாளில் ஆட்கள். சித்திரை வெயிலும் இன்ஜின் சூடும் சேர்ந்து இடது காலில்தான் இறங்கும். அந்தக் கிளட்சை மிதிக்க முதுகைச் சீட்டில் முட்டுக்கொடுத்துக்கொள்ள வேண்டும். வீட்டில் அவருடைய இடது செருப்புதான் முதலில் தேயும். ஒற்றைச் செருப்பு விற்க மாட்டார்கள் என்பதால் வலது செருப்பு புதிதாகவே பரணில் கிடக்கும். அப்படி மூன்று நான்கு கிடந்தன. இடது கெண்டைக்கால் வலதைவிடப் பருத்திருக்கும். தம்பியும் நானும் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்போம், கல் மாதிரி இருக்கும். எங்கள் அப்பா பலசாலி என்று தெருவில் சொல்லிக்கொண்டு திரிந்தோம். இரவில் அவர் பாயில் படுத்துக் காலைச் சுவரில் உயர்த்தி வைத்திருக்க, அம்மா நொச்சி இலையை வதக்கி ஒத்தடம் கொடுப்பாள். அந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் வயது எங்களுக்கு அப்போது இல்லை.

என் 287-ஐ வைத்துக்கொண்டு அப்பாவோடு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். எனக்கு ஒரு வழி, ஒரு காலை. அவருக்கு ஒரு நாளில் எட்டு நடை. நான் சிக்னலில் மட்டும் நிற்கிறேன், அவர் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நிற்க வேண்டும். தினமும் இரண்டாயிரத்துக்குக் குறையாது என்றார். 32 வருடத்துக்குப் பெருக்க நான் கால்குலேட்டரை எடுத்தேன். "வேண்டாம் விடு" என்று சொல்லிவிட்டார்.

வியாழக்கிழமை அவரைப் பேருந்தில் கூட்டிப்போனேன். 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 தாழ்தள மின்சாரப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. அதன் பிறகு பெரும்பாக்கத்திலிருந்தும் ஓடுகின்றன. அவற்றில் கிளட்சும் இல்லை, கியர் கம்பியும் இல்லை. அப்பா உட்காரச் சொல்லியும் கேட்காமல் முன்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று வந்தார். வெளியே ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. ஓட்டுநரின் இடது காலையே பார்த்தபடி இருந்தார். அந்தக் கால் சும்மா இருந்தது. "நானும் டிரைவர்தான் தம்பி, 29சி" என்றார். அந்த இளைஞர் திரும்பாமலே, "அப்போ உங்களுக்குத் தெரியும் ஐயா, சாயங்காலம் வீட்டுக்கு நடந்தே போறேன் இப்போ" என்றார்.

மின்சாரப் பேருந்து பற்றி நான் படித்த செய்திகளில் புகை இல்லை, சத்தம் இல்லை, சக்கர நாற்காலி ஏறும் என்றெல்லாம் இருந்தது. எல்லாம் தேவையானவை. ஓட்டுநரின் முழங்காலைப் பற்றி ஒரு வரி நான் பார்க்கவில்லை. மாநகரப் பேருந்துகள் 3,000-க்கு மேல். அவற்றில் பெரும்பாலானவை இன்றும் டீசலும் கிளட்சும்தான். 'சொகுசுப் பேருந்து' என்று பலகை மாட்டிய வண்டிகள் பலவற்றிலும் ஓட்டுநருக்கு அதே கிளட்ச்தான். எனக்கு ஷோரூமில் ஐம்பதாயிரத்துக்கு நீட்டப்பட்ட சொகுசு, அந்த மனிதர்களுக்குத் தொழில் பாதுகாப்பு. என் கோபம் இதுதான். தினம் ஒரு மணி நேரம் ஓட்டுகிறவர்கள் ஆட்டோமேட்டிக் ஆண்மைக் குறைவு என்று வாதிட்டுக்கொண்டிருக்கிறோம். எட்டு மணி நேரம் ஓட்டுகிறவரிடம் யாரும் கேட்கவே இல்லை.

முடியாத காரியம் இல்லை. புதிதாகத் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளில் ஓட்டுநர் அறைக்கு ஏ.சி. கட்டாயம் என்று மத்திய அரசு விதி கொண்டுவந்திருக்கிறது. ஓட்டுநரின் உடம்பை நினைத்து ஒரு விதி போட முடியும் என்பதற்கு அது சாட்சி. ஏ.எம்.டி. வைத்த பேருந்துகளை நம் நாட்டு நிறுவனங்களே செய்கின்றன. இனி நகரத்துக்குள் ஓட வாங்கும் டீசல் பேருந்து ஒவ்வொன்றும் கிளட்ச் மிதி இல்லாததாகவே இருக்க வேண்டும் என்று டெண்டரில் எழுதினால் போதும். சென்னைக்கு மட்டுமல்ல, மதுரைக்கும் கோவைக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

போக்குவரத்துத் துறைக்கு இதை ஒரு கோரிக்கையாக எழுதிக்கொண்டிருக்கிறேன். அப்பா முதல் கையெழுத்துப் போட்டுவிட்டார். இந்தப் பத்தியைப் படிக்கும் அரசுப் பேருந்து ஓட்டுநர்கள், ஓய்வு பெற்றவர்கள், அவர்கள் வீட்டார் எனக்கு எழுதுங்கள். எத்தனை வருடம் ஓட்டினீர்கள், ஒரு நாளைக்கு எத்தனை நடை, கால் இப்போது எப்படி இருக்கிறது: இந்த மூன்றும் போதும். இந்த மாத இறுதிக்குள் வருகிற கடிதங்கள் அத்தனையையும் கோரிக்கையோடு சேர்த்து அனுப்புகிறேன்.