வேலிப் புதரைக் கொளுத்தாதீர்கள்

போன ஆவணியில் குப்பத்தில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். இரவு முழுக்க மாந்தோப்பு வேலியில் சில்வண்டுச் சத்தம். "இவ்வளவு நேரம் கத்துதே, அதுக்குத் தொண்டை வலிக்காதா மாமா?" என்றான் அவள் மகன்.

சித்தூரில் இருபது வருடமாக அறிவியல் பாடம் எடுக்கிறேன். இப்படி ஒரு கேள்வி வகுப்பில் வந்ததில்லை. சீப்பு ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி, அதன் பற்களில் நகத்தை இழுத்துக் காட்டினேன். கிர்ர்ர்! ஆண் பூச்சியின் முன்னிறக்கை ஒன்றின் அடியில் இதுபோலப் பல்வரிசை உண்டு. மற்ற இறக்கையின் ஓரம் அதில் உரச, மெல்லிய சவ்வு அதிர்ந்து ஒலி எழுகிறது. பெண் பாடாது, முன்னங்கால்களில் இருக்கும் காதால் கேட்டு வரும். திருமலைப் படியேறும்போது பகலில் காதைத் துளைக்கும் மரவண்டு வேறு ரகம். அது எதையும் உரசுவதில்லை, வயிற்றோரத் தகடுகளை அதிரவைக்கிறது.

சில்வண்டுக்குத் தமிழில் சுவர்க்கோழி என்றும் பெயர், தெலுங்கில் இலகோடி. கோடி என்றாலும் கோழிதான். எங்கள் பக்கம் இரண்டு பெயரும் ஒரே வீட்டில் புழங்கும்.

பையனும் நானும் டார்ச்சோடு வேலிப் புதருக்குள் தேடினோம். ஓர் இலையின் நடுவே ஓட்டை. அதில் தலையை நுழைத்து, தூக்கிய இறக்கைகளை இலையோடு ஒட்டவைத்து, வெளிர்பச்சையாய் ஒரு மரச் சில்வண்டு. இறக்கையின் முன்புறமும் பின்புறமும் எழும் ஒலி ஓரத்தில் ஒன்றையொன்று அழித்துவிடாமல் இலை தடுக்கிறது. பெரிய இலையாகப் பார்த்து, இறக்கை அளவுக்கு ஓட்டையை முதல் முயற்சியிலேயே சரியாகக் கடித்துவிடுகிறது என்று நடாஷா மாத்ரே, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ரோகிணி பாலகிருஷ்ணன் உள்ளிட்டோர் 2017-ல் எழுதினார்கள். பையன் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

தை மாதம் அந்த வேலியை வெட்டிக் கொளுத்திவிட்டார்கள். சுத்தமாக இருக்கிறதாம். பாம்பு பயம் எனக்கும் புரிகிறது. கிணற்றடியிலும் நடைபாதையிலும் வெட்டுங்கள், யார் வேண்டாம் என்றது? ஆனால் மரச் சில்வண்டு முட்டையிடுவது செடித் தண்டுக்குள். கொளுத்தினால் அடுத்த வருடத்துப் பாட்டும் சேர்ந்தே எரிகிறது. ஆள் நடமாட்டமில்லாத ஓரங்களையாவது விட்டுவைக்கலாமே.

தங்கையிடம் சண்டை போட்டு, கிழக்கு மூலையில் பத்தடிக்குப் புதர் வளர விட்டிருக்கிறேன். இந்த ஆவணியும் வந்துவிட்டது. தினமும் ராத்திரி போன் செய்து பையனிடம் கேட்கிறேன். "இன்னும் இல்லை மாமா" என்கிறான்.