துரையின் பெயரில் ஒரு பட்டி

திருப்பரங்குன்றத்தைத் தாண்டித் திருநகர் போகிற வழியில் இருக்கிறது ஹார்விபட்டி. கண்டக்டர் வாயில் அது 'ஆர்விபட்டி'. அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களும் அப்படித்தான் சொல்வார்கள்.

ஆண்ட்ரூ ஹார்வி, ஃபிராங்க் ஹார்வி என்ற ஸ்காட்லாந்துச் சகோதரர்கள் பாபநாசம், தூத்துக்குடி, மதுரை மூன்றிலும் பஞ்சாலை நடத்தியவர்கள். மதுரை ஆலைக்குப் பெயர் மதுரா மில்ஸ். சனங்களுக்கு அது 'ஆர்வி மில்'. அதன் தொழிலாளர்களுக்காகச் சுதந்திரத்துக்கு முன்பே எழுந்த குடியிருப்புதான் இது.

இந்தத் துரைமார் ஏதோ தருமவான்கள் என்று நினைத்துவிட வேண்டாம். 1908-இல் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் தூத்துக்குடியில் வேலைநிறுத்தத்துக்குத் துணை நின்றார்களே, அந்தக் கோரல் மில்லும் ஹார்விகளுடையதுதான். கூலி உயர்வுக்கு ஆலை இணங்கிய சில நாட்களில் வ.உ.சி. கைதானார். வீடே கம்பெனி தயவில் என்றால் சங்கத்தில் சேர எவனும் இரண்டு தடவை யோசிப்பான். முதலாளிக்கு அதுவும் ஒரு லாபம். ஆனாலும் ஷிப்ட் முடிந்து வருகிறவனுக்கு ஒழுகாத கூரை சின்ன விஷயமில்லை. இரண்டையும் சேர்த்தேதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

எனக்குப் பிடித்தது அந்தப் 'பட்டி'. புரம், காலனி என்று எதையாவது ஒட்டியிருக்கலாம். உசிலம்பட்டி, மேட்டுப்பட்டி வரிசையில் ஒரு வெள்ளைக்காரனைக் கொண்டுபோய் உட்காரவைத்திருக்கிறார்கள்! 1974-இல் மதுரா மில்ஸ், மதுரா கோட்ஸ் ஆனது. பேரூராட்சியாக இருந்த ஹார்விபட்டி 2011-இல் மதுரை மாநகராட்சிக்குள் வந்தது. ஆலையின் பெயர் மாறியும், உள்ளாட்சி மாறியும் ஊர்ப்பெயர் அசையவில்லை. அதை மாற்றவும் வேண்டாம் என்பேன். மாற்றினால் மில் தொழிலாளி குடியேறிய கதையும் கூடவே போய்விடும்.

எங்கள் அலங்காநல்லூர்ப் பக்கம் நிலைமை வேறு. கரும்பும் நெல்லும் விளைந்த பெரியாறு பாசன வயல்களில் கல் ஊன்றி, ஒரு வீடுகூட எழும்புமுன் 'நகர்' என்று வளைவு கட்டிவிடுகிறார்கள். சாமி பெயர், தலைவர் பெயர், விற்பவரின் மகள் பெயர் எல்லாம் வளைவில் ஏறுகின்றன. அந்த வயலுக்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருந்திருக்கும்: கிணற்றை வைத்தோ, மடையை வைத்தோ, கரையில் நின்ற மரத்தை வைத்தோ. மனை வாங்குகிறவர்கள் அப்ரூவல் இருக்கிறதா என்று விசாரிக்கிறார்கள், சரிதான். அப்படியே பக்கத்து வயல் பெரியவரிடம், "அய்யா, இந்த இடத்தை முன்ன என்னன்னு சொல்லுவீங்க?" என்றும் கேட்கலாம். கேட்டதைத் தெருப்பலகையில் எழுதினால் யார் தடுக்கப் போகிறார்கள்?