சத்திரமும் கொட்டடியும்

ஸ்ரீபெரும்புதூர் என்றதும் இராமானுஜர் நினைவுக்கு வருகிறார். இரகசிய மந்திரத்தை ஊரறியக் கூறியவர் என்று அவரைப் போற்றுகிறோம். அதே ஊரில் 1991 மே 21-ல் ராஜீவ் காந்தி கொலையுண்டார்; அது முதல் இலங்கை அகதிகள் எல்லோர்மீதும் சந்தேக நிழல் விழுந்தது.

அவ்வழக்கில் முப்பது வருஷத்துக்கு மேல் சிறையிலிருந்த இலங்கையர் நால்வரை 2022 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டு விடுவித்தது. அவர்களோ வீடு போய்ச் சேரவில்லை. திருச்சி மத்தியச் சிறை வளாகத்திலுள்ள 'சிறப்பு முகாமு'க்குப் போனார்கள். அவர்களில் சாந்தன் என்பவர் ஊர் திரும்பாமலே, 2024 பிப்ரவரி 28-ல் சென்னை ஆஸ்பத்திரியில் காலமானார். மற்ற மூவர் ஏப்ரலில் இலங்கை சேர்ந்தனர்.

கொலைக்குப் பரிந்து பேசுகிறோம் என்று நேயர்கள் எண்ண வேண்டாம். சிறைத் தண்டனைக்குக் கோர்ட்டு கெடு வைக்கிறது. முகாம் வாசத்துக்குக் கெடு வைப்பவர் யார்? தண்டனை தீர்ந்தும் ஏறக்குறைய மூன்று வருஷம் காவலிலிருந்த வேறோர் இலங்கைத் தமிழர் 2025 மே மாதம் முறையிட்டார். உலக அகதிகளுக்கெல்லாம் இந்தியா தர்மசத்திரமன்று என்றது சுப்ரீம் கோர்ட்டு.

சத்திரமன்று என்றே வைத்துக்கொள்வோம். சத்திரத்தில் இடமில்லை என்பவர், வந்தவரைக் கொட்டடியில் பூட்டி வைப்பதுண்டோ?