கொழுந்து மலை உங்கட ரீல்ஸுக்குப் பின்னணி இல்லை

பதுளை ரயிலில் ஹட்டன் தாண்டினால் கதவடியில் நிற்க இடமிராது. ஒரு கையில் கம்பி, மற்றக் கையில் போன். ஊர் பாருங்கள், வீடியோ எடுங்கள், அதில் ஒரு பிழையுமில்லை. பிரச்சினை அதுக்குப் பிறகுதான். ஃபில்டர் போட்டு பச்சையை இன்னும் பச்சையாக்கி, இருந்த சத்தத்தை அழித்து, ஒரு இளையராஜா பாட்டை ஒட்டி, கீழே 'சொர்க்கம்' எண்டு எழுதுகிறீர்கள். அந்தச் சொர்க்கத்தில் கொழுந்து பறிக்கும் பெண்கள் மூன்று செக்கன் வந்து போகிறார்கள். எடுக்கலாமா எண்டு அவர்களிடம் யாராவது கேட்டீர்களா?

அது அவர்களின் வேலைத்தளம். அங்கே அட்டை கடிக்கும், குளவி கொட்டும். சொன்ன கிலோ வராவிட்டால் அரைப்பேர்தான் விழும். பின்னேரம் திரும்பிப் போவது லயத்துக்கு.

ரயில் பாதையும் காட்சி பார்க்கப் போட்டதல்ல. 1867இல் வெள்ளைக்காரன் கண்டிக்கு ரயில் விட்டதே கோப்பியைத் துறைமுகத்துக்கு இறக்கத்தான். பிறகு தேயிலை வந்தது. அதை வளர்த்த மக்களில் பெரும்பாலானோரை 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. மலையை ரசித்து மனிதரைக் கழிக்கும் பழக்கம் இந்த நாட்டுக்குப் புதிதில்லை. போன் அதை லேசாக்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணிக்கு இது தெரியாமலிருக்கலாம். தமிழ் தெரிந்த எங்கட பெடியளுக்கு என்ன சாட்டு? அடுத்தமுறை நானுஓயாவில் இறங்கி, தோட்டத்து ஆட்களோடு கொஞ்சம் கதையுங்கள். இன்றைக்கு எத்தனை கிலோ, கையில் எவ்வளவு வரும் எண்டு கேளுங்கள். அவர்கள் சம்மதித்தால் அதைக் கேப்ஷனில் போடுங்கள்.