இருபத்தைந்தில் மூடும் கதவு

தாராபுரத்தில் ஓய்வுக்காலத்தைக் கழித்துவரும் என்னைப் பார்க்க, என்னிடம் பொருளியல் பயின்ற மாணவர் ஒருவர் அண்மையில் வந்திருந்தார். வயது 27. பட்டம் பெற்ற ஆண்டிலேயே தந்தை நோயுற்றதால், திருப்பூரில் பின்னலாடை நிறுவனமொன்றின் கணக்குப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தவர். தங்கையின் திருமணத்தை முடித்து, கடனையும் அடைத்துவிட்டு, இப்போதுதான் தன்னைப் பற்றிச் சிந்திக்கத் தொடங்கியிருக்கிறார். "சார், இனிமேல் நான் ராணுவத்துல ஆபீசர் ஆக முடியுங்களா?" என்று கேட்டார். கையில் தேசிய மாணவர் படையின் 'சி' சான்றிதழ் இருந்தது.

விதிகளைத் தேடிப் படித்தபோது எனக்குக் கிடைத்த விடை வருத்தம் தருவதாக இருந்தது. பட்டதாரிகளை ராணுவ அதிகாரிகளாகத் தேர்ந்தெடுக்க மத்தியப் பணியாளர் தேர்வாணையம் ஆண்டுக்கு இருமுறை ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணிகள் தேர்வை நடத்துகிறது. அதன்வழி டேராடூன் ராணுவ அகாதெமியில் சேர 24 வயதும், சென்னைப் பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாதெமியில் சேர 25 வயதும் உச்சவரம்பு. 'சி' சான்றிதழ் பெற்ற பட்டதாரிகள் எழுத்துத் தேர்வே இல்லாமல் நேரடியாக நேர்முகத் தேர்வுக்குச் செல்லத் தனி வழி உண்டு. அதற்கும் வரம்பு 25தான். அதாவது, அந்தச் சான்றிதழ் அவருடைய பெட்டிக்குள் உறங்கிக்கொண்டிருந்த காலத்தில்தான் அதற்கு உயிர் இருந்தது. கல்லூரியில் இதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை; அன்று எனக்கும் தெரியாது.

தாராபுரத்தைத் தழுவி ஓடும் அதே அமராவதி ஆற்றின் அணையருகே, உடுமலை வட்டத்தில், 1962 முதல் சைனிக் பள்ளி இயங்கிவருகிறது. சூலூரில் விமானப்படைத் தளம் இருக்கிறது. மலையேறினால் வெலிங்டனில் முப்படை அதிகாரிகள் பயிலும் கல்லூரி இருக்கிறது. கொங்கு மண்டலத்தைச் சுற்றி இவ்வளவு இருந்தும், ஒரு கலைக் கல்லூரி மாணவனுக்கு அதிகாரிப் பணி என்பது வேறு யாருக்கோ உரியதாகவே தோன்றுகிறது. சைனிக் பள்ளிக்கான நுழைவு ஆறாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும். தேசியப் பாதுகாப்பு அகாதெமிக்கோ பத்தொன்பதரை வயதுக்குள் செல்ல வேண்டும். இவ்விரண்டையும் தவறவிட்டவர்களுக்குப் பட்டப்படிப்புக்குப் பிந்தைய மூன்று, நான்கு ஆண்டுகளே எஞ்சுகின்றன.

அந்தச் சில ஆண்டுகளைப் பயன்படுத்திக்கொண்ட தமிழர்கள் உண்டு. வணிகவியல் பட்டமும் தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில் இதழியல் பட்டயமும் பெற்ற முகுந்த் வரதராஜன் 2005-இல் பரங்கிமலைப் பயிற்சி அகாதெமியில் சேர்ந்தார். 2014-இல் சோபியானில் வீரமரணமடைந்து அசோக சக்கர விருது பெற்றார். கார்கில் போரில் உயிர்நீத்து வீர சக்கர விருது பெற்ற மேஜர் சரவணன் திருச்சி தூய வளனார் கல்லூரியில் பயின்றவர். இருவரும் சாதாரணப் பட்டப்படிப்பு வழியே வந்தவர்கள்.

வயது வரம்பு காரணமின்றி வைக்கப்பட்டதன்று. முதல்நிலை அதிகாரியான லெப்டினன்ட், இருபது வயதைத் தாண்டாத வீரர்களுடன் மலையேற வேண்டும். அவர்களுக்கு முன்னால் ஓட வேண்டும். பதவி உயர்வு என்பது கூம்பு வடிவம் கொண்டது. தாமதமாக நுழைபவர் ஒவ்வொரு படியிலும் மூத்தவராகவே இருப்பார். கார்கில் போருக்குப் பின் அமைக்கப்பட்ட கே.சுப்பிரமணியம் தலைமையிலான குழுவும் ராணுவம் இளமையாக இருக்க வேண்டும் என்றே வலியுறுத்தியது.

ஆயினும், இந்த வரம்பு மாற்றவே முடியாத கல்லெழுத்து அன்று. பொறியியல் பட்டதாரிக்கும் சட்டப் பட்டதாரிக்கும் 27 வயது வரை ராணுவம் இடமளிக்கிறது. மருத்துவருக்கு இன்னும் கூடுதல். பணியில் உயிர்நீத்த வீரர்களின் மனைவியருக்கு 35 வயது வரை சலுகை உண்டு. 2015-இல் குப்வாராவில் வீரமரணமடைந்த கர்னல் சந்தோஷ் மகாதிக்கின் மனைவி சுவாதி மகாதிக், இரு குழந்தைகளின் தாய், வயதுத் தளர்வு பெற்று 2017-இல் பரங்கிமலையில் பயிற்சியை முடித்து அதிகாரியானார். அதே 49 வாரப் பயிற்சியை, தம்மைவிடப் பத்து வயதுக்கும் மேல் இளைய பெண்களோடு அவர் முடித்தார். பிரிட்டனின் சாண்ட்ஹர்ஸ்ட் 28 வயதினரையும் ஏற்கிறது. அமெரிக்கத் தரைப்படையோ முப்பதைக் கடந்த பட்டதாரிகளுக்கும் இடமளிக்கிறது.

நம் ராணுவத்தில் எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட அதிகாரிப் பணியிடங்கள் காலியாக இருப்பதாக 2023-இல் நாடாளுமன்றத்தில் அரசு தெரிவித்தது. ஒருபுறம் ஆள் பற்றாக்குறை, மறுபுறம் இரண்டு வயது கூடிவிட்டதால் திருப்பி அனுப்பப்படும் தகுதியாளர்கள். பொருளியல் மாணவனாகிய எனக்கு இது சந்தையின் குறைபாடாகவே தெரிகிறது. அதன் சுமை எல்லார் மீதும் சமமாக விழுவதில்லை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை 21 வயதில் பட்டம் பெற்று, இரண்டாண்டுகள் பயிற்சி மையத்தில் தங்கித் தேர்வெழுதலாம். முதல் தலைமுறைப் பட்டதாரியோ அதே இரண்டாண்டுகளைக் குடும்பத்துக்கு ஊதியம் ஈட்டுவதில் செலவிட வேண்டியிருக்கிறது. வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே இருப்பது தமிழ்வழி மாணவருக்குக் கூடுதல் தடை.

காலம் கடந்து சேர விரும்புவோர் மற்றொரு கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும். லெப்டினன்டின் அடிப்படை ஊதியம் மாதம் 56,100 ரூபாய். பயிற்சிக் காலத்திலேயே அத்தொகை உதவித்தொகையாகக் கிடைக்கிறது. ஆனால், பரங்கிமலைவழிச் செல்லும் குறுகிய காலப் பணி பத்தாண்டுகளுக்கே. மேலும் நான்காண்டுகள் நீட்டிக்கலாம். நிரந்தரப் பணிக்குத் தேர்வாகாதவர்கள் நாற்பது வயதுக்குள், ஓய்வூதியமின்றி, இன்னொரு வாழ்க்கையைத் தொடங்க வேண்டும். 1962 சீனப் போருக்குப் பின் அவசரக்கால அதிகாரிகளாகச் சேர்ந்து, சில ஆண்டுகளில் விடுவிக்கப்பட்டவர்களுக்குக் குடிமைப் பணிகளில் இடங்கள் ஒதுக்கப்பட்டன. இன்று ஐந்தாண்டு பணி முடித்த அதிகாரிகளுக்குக் குடிமைப் பணித் தேர்வில் ஐந்தாண்டு வயதுத் தளர்வு இருக்கிறது. இது போதாது, மாநில அரசுப் பணிகளிலும் தொழில் நிறுவனங்களிலும் அவர்களின் தலைமைப் பண்புக்கு உரிய இடம் வேண்டும்.

என் மாணவருக்கு ஒரு வாசல் எஞ்சியிருந்தது. 1949-இல் ராஜாஜி தலைமை ஆளுநராக இருந்தபோது தொடங்கிவைத்த பிராந்திய ராணுவத்தில், வேறு வேலையில் இருக்கும் பட்டதாரிகள் 42 வயது வரை அதிகாரியாகலாம். அதன் காலாட்படைப் பிரிவொன்று கோவையிலேயே இருக்கிறது. சச்சின் பைலட் மத்திய அமைச்சராக இருந்தபோது, 2012-இல், தேர்வு நடைமுறைகளைக் கடந்து இதில் அதிகாரியானார். எனினும், இது முழுநேரப் பணியன்று, ஓய்வூதியத்துக்கு உறுதியில்லை, 2025 அறிவிக்கையில் இடங்கள் வெறும் 19. இவற்றையெல்லாம் மறைக்காமல் அவரிடம் சொன்னேன். எழுதிப் பார்ப்பதாகச் சொல்லிச் சென்றார். வெற்றி பெறுவாரா என்பது தெரியாது. தெரிந்தே முயல்கிறார் என்பது எனக்கு ஆறுதல்.

செய்ய வேண்டியவை அரியவை அல்ல. பொதுப் பட்டதாரிகளுக்கும் வரம்பை 27-ஆக உயர்த்தி, உடற்தகுதியைக் கடுமையாகவே சோதிக்கலாம். இளமையை அளக்கப் பிறப்புச் சான்றிதழைவிட ஓட்டப் பாதை நம்பகமானது. 'நான் முதல்வன்' போன்ற திட்டங்களில் இத்தேர்வுக்கும் ஐந்து நாள் நேர்முகத் தேர்வுக்கும் உரிய பயிற்சி தரலாம்.

ஆனால், தில்லி விதியை மாற்றும்வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒன்று ஆசிரியர்கள் கையில் இருக்கிறது. பட்டப்படிப்பின் இறுதியாண்டு மாணவர்களே இத்தேர்வுக்கு விண்ணப்பிக்கலாம். அந்த வகுப்பின் முதல் நாளில் பத்து நிமிடம் ஒதுக்கி இந்த வழிகளையும் வயது வரம்புகளையும் கரும்பலகையில் எழுதிப்போட்டால் போதும். முப்பதாண்டுகளுக்கும் மேல் கரும்பலகை முன் நின்ற நான் அந்தப் பத்து நிமிடத்தை ஒதுக்கவில்லை. இன்று நிற்பவர்கள் ஒதுக்க வேண்டும்.